காசிமேட்டுக்குக் கொண்டுபோன மலை

மே 28, புதன்

கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். ராயபுரம். டிக்கெட் ஐந்து ரூபாய். தென்காசியிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த அலுப்பில் நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருஷம் புவியியல் பாடம் எடுத்தவளுக்கு, 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடத்தைப் பார்க்காமல் நகர மனசு வரவில்லை. பழைய கட்டடத்தின் தூண் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். காலை எட்டு மணிக்கே சூடு ஏறியிருந்தது. அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறதாம். வெயிலுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் நாங்கள் ஏழு பேர் நேபாளம் போனோம். என்னோடு அறையில் தங்கிய பெண் காசிமேட்டுக்காரி, நர்ஸ் வேலை. பதினோரு நாள் ஒரே கூடாரத் தேநீரைக் குடித்ததில் அவள் எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். நாம்சேயிலிருந்து எல்லாரும் எவரெஸ்ட் அடிவாரத்துப் பக்கம் திரும்ப, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வழிகாட்டியோடு தாமே கிராமத்துக்குப் போனோம். 3,800 மீட்டர் உயரம். எவரெஸ்ட் ஏறிய டென்சிங் வளர்ந்த ஊர். அங்கிருந்து வடக்கே பசாங் லாமு சூலி என்கிற சிகரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருஷ ஆசை. எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண்ணின் பெயர் வைத்த மலை அது. இறங்கும்போது இறந்துபோனாள்.

இரண்டு நாள் காத்திருந்தோம். மேகம் விலகவே இல்லை. வழிகாட்டி வடக்கே கை நீட்டி, "அதோ, அதுக்குப் பின்னாலதான்" என்றார். அந்தக் கைக்கு நேராக ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். முழுக்க மேகம்.

அந்தக் கதையைத் தன் தெருப் பிள்ளைகளுக்கு நான் வந்து சொல்ல வேண்டும் என்று தங்கச்சி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். கிளம்பி வந்துவிட்டேன்.

கல்மண்டபத்தில் அவள் காத்திருந்தாள். சூரியநாராயண செட்டித் தெருவைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒருச்சாய்த்து நிற்க வேண்டிய வழி. நான் பையோடு தடுமாறுவதைப் பார்த்து, பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொல்லாமலே பையை வாங்கி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். வாயில் பிரஷ் இருந்ததால் நன்றிக்குப் பதிலாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டில் ஆயா, அம்மா, தங்கச்சி, மூன்று பேர். ஆயாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். கால் நீட்டி உட்கார்ந்தபடியே, "குந்து டீச்சரம்மா. நாஷ்டா துன்னியா?" என்றார். நாலு இட்லி, வடகறி. மத்தியானம் காரப்பொடிக் குழம்பு. எங்கள் ஊரில் அந்த மீன் வருவதில்லை. வாயில் போட்டால் முள்ளும் சேர்ந்து கரைகிறது.

சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வாலிபரின் படம். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருக்கிறார். தங்கச்சியின் அப்பா என்று பார்த்ததுமே தெரிந்தது, அதே புருவம். அவர் இல்லை என்று மலையில் அவள் சொல்லியிருந்தாள். படத்தில் மாலை இல்லை, பொட்டும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

மே 29, வியாழன்

இன்று எவரெஸ்ட் நாள். 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்ற தேதி. விடிகாலையில் நான் நின்றது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில்.

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரை முழுக்க விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அதனால் எல்லா லாஞ்சும் கரையில். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, கயிறுகள் பின்னிக்கிடக்க, நடுவில் தண்ணீரே தெரியவில்லை. ஒரு லாஞ்சிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஆட்கள் நடந்தே துறைமுகத்தைக் கடக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் பெயின்ட் வாசனை, உளிச் சத்தம், இன்ஜினைப் பிரித்துப் போட்ட எண்ணெய்ப் பிசுக்கு. நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் வலையை விரித்துப்போட்டு ஆண்கள் பழுது பார்க்கிறார்கள்.

தங்கச்சியின் சித்தப்பா ஸ்ராங்கு, அதாவது லாஞ்சு ஓட்டுகிறவர். வலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூல் ஓடி ஓடி, தோல் கொம்பு மாதிரி இறுகியிருக்கிறது. கிழிந்த கண்ணியின் இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, சுற்றி இழுத்து ஒரு முடிச்சு. கண்ணியின் அளவை அவர் அளக்கவே இல்லை, விரல்தான் அளவு. நான் பார்த்த அரை மணியில் ஒரு முறைகூடக் குனிந்து உற்றுப் பார்க்கவில்லை.

"அரசாங்கம் எட்டாயிரம் குடுக்குது, டீச்சர். ரெண்டு மாசத்துக்கு. மீதி வட்டிதான்." குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார்.

மீன் இல்லாமல் இல்லை. ஃபைபர் போட்டுக்காரர்கள் பக்கத்திலேயே போய்க் கொஞ்சம் கொண்டுவருகிறார்கள். பெரிய மீன் கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது. மேற்குக் கரையில் தடை இன்னும் தொடங்கவில்லை. வஞ்சிரம் கிலோ 1,400 சொன்னார்கள். சங்கரா 500. ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெளியூரா? இது நேத்து மீனும்மா, உனக்கு வேணாம்" என்று தட்டை மூடிவிட்டார். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

ஸ்ராங்கு அண்ணனிடம் மலைப் படங்களைப் போனில் காட்டினேன். மச்சபுச்சரே வந்ததும் நிறுத்தச் சொன்னார். உச்சி இரண்டாகப் பிளந்து நிற்கும் மலை. மச்சபுச்சரே என்றால் மீன் வால் என்றுதான் அர்த்தம் என்றேன்.

"அது எனக்கே தெரியுது. எந்த மீனுன்னு பேரு வெச்சவனுக்குத் தெரியுமா?" போனைச் சாய்த்துப் பார்த்தார். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வஞ்சிரம் வால் என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வஞ்சிரத்துக்கு வால் இன்னும் விரிந்திருக்குமாம். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கடைசியில், பாதி வால்தான் வெளியே தெரிகிறது, மீதி மீன் மலைக்குள் இருக்கிறது, அதனால் சொல்ல முடியாது என்று முடிவானது. உயரம் 6,993 மீட்டர், புனித மலை என்பதால் ஏற அனுமதி கிடையாது, 1957-இல் போன ஒரே குழுவும் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்று திரும்பிவிட்டது என்று சொன்னேன்.

"திரும்பிட்டாங்களா? நல்ல ஸ்ராங்கு" என்றார் அண்ணன்.

சாயங்காலம் பாரிமுனைப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். 80 ரூபாய். கூடவே வாழைத்தண்டு சூப். தாமேயில் குளிருக்குக் குடித்த துக்பா, அந்த நூடுல்ஸ் சூப், நினைவு வந்தது என்று தங்கச்சி சொன்னாள். எனக்கும் அதேதான் வந்திருந்தது.

மே 30, வெள்ளி

இந்த நாளைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

டியூஷன் நடப்பது ஒரு மொட்டை மாடியில். கீற்றுக் கொட்டகை, ஒரு கரும்பலகை. ஆறு மணிக்கு முப்பது பிள்ளைகளாவது வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மாக்கள், ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஆயா. இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது.

புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்திருந்தோம். மூன்றாவது படத்தில் கரன்ட் போய்விட்டது. தெருவே இருட்டு. இருபத்தைந்து நிமிஷம் வரவில்லை. ஒரு பையன் தன் அம்மாவின் போன் டார்ச்சை என் முகத்தில் அடிக்க, "மூஞ்சில அடிக்காதடா, போர்டுல அடி" என்று இன்னொருத்தி அதட்ட, நான் சாக்பீஸை எடுத்தேன். பார்க்கப்போனால் அதுதான் எனக்குத் தெரிந்த வழி.

மலையின் பெயர்களிலிருந்து தொடங்கினேன். நம் பரங்கிமலைப் பக்கத்தில் 1802-இல் லாம்டன் என்கிற வெள்ளைக்காரர் இரும்புச் சங்கிலி வைத்துத் தரையை அளக்க ஆரம்பித்தார். அந்த அளவை முக்கோணம் முக்கோணமாக வடக்கே ஊர்ந்து, ஐம்பது வருஷத்தில் இமயமலைக்குப் போய்ச் சேர்ந்தது. உலகிலேயே உயர்ந்த மலை எது என்று 1852-இல் கணக்குப் போட்டுக் கண்டவர் ராதாநாத் சிக்தார் என்கிற வங்காளி. உலகத்துக்கு அதை அறிவித்தது 1856-இல், உங்கள் ராயபுரம் ஸ்டேஷன் திறந்த அதே வருஷம். ஒன்பது வருஷம் கழித்து, ஓய்வுபெற்றுப் போய்விட்ட ஜார்ஜ் எவரெஸ்ட் என்கிற அதிகாரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அங்கே இருக்கிறவர்கள் அதற்கு முன்பும் சோமோலுங்மா என்றுதான் சொன்னார்கள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"அப்போ கணக்குப் போட்டவரு பேரு?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

வைக்கவில்லை என்றேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு பசாங் லாமு ஷெர்பா. 1961-இல் லுக்லாவுக்குப் பக்கத்தில் சுர்கே என்கிற ஊரில் பிறந்தவள். மூன்று பிள்ளைகளின் தாய். எவரெஸ்ட்டுக்கு மூன்று முறை போய் முடியாமல் திரும்பினாள். நான்காவது முறை, 1993 ஏப்ரல் 22, உச்சியில் நின்றாள். அதுவரை நேபாளப் பெண் ஒருத்திகூட அங்கே நின்றதில்லை. அதே பருவத்தில், எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால் தலைமையில் இந்திய – நேபாளப் பெண்கள் குழு ஒன்றும் அந்த மலையில் இருந்தது. இறங்கும்போது வானிலை மோசமானது. தெற்குச் சிகரத்துக்குப் பக்கத்தில், 8,700 மீட்டர் உயரத்தில், பசாங் லாமுவும் உடன் போன சோனம் செரிங் ஷெர்பாவும் மாட்டிக்கொண்டார்கள். இருவரும் திரும்பவில்லை.

அவள் நினைவாக, நாங்பா லா கணவாயை ஒட்டிய 7,351 மீட்டர் சிகரத்துக்குப் பசாங் லாமு சூலி என்று பெயர் வைத்தார்கள். நேபாளியில் சூலி என்றால் உச்சி.

"சூலின்னா புள்ளத்தாச்சியாச்சே" என்று ஆயாவின் குரல் இருட்டிலிருந்து வந்தது. "சூல் கொண்டவ. நல்ல பேருதான்."

இருபத்தாறு வருஷத்தில் எனக்குத் தோன்றாத பொருள். அதற்குமேல் இரண்டு நிமிஷம் என்னால் பேச முடியவில்லை.

கரன்ட் வந்ததும் பிள்ளைகள் மலையைக் காட்டச் சொன்னார்கள். மேகப் படத்தைக் காட்டினேன்.

"மலை எங்க மிஸ்?"

"பின்னாடி இருக்கு."

"மெய்யாலுமா?"

வழிகாட்டி சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு பையன் எழுந்துவந்து திரைத்துணிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் விளையாட்டுக்குச் செய்யவில்லை.

அப்புறம் கேள்விகள். எங்கள் பள்ளியில் நான் கேட்காத கேள்விகள். மலைக்கு அதற்கு முன் பெயர் இருந்ததா? இருந்தது, ஜசம்பா. அந்தப் பெயரை யார் கூப்பிடுவார்கள் இப்போது? கூடப் போன சோனம் அண்ணனுக்கு மலை இல்லையா? நம் ஊர்க்காரர் யாராவது எவரெஸ்ட் ஏறியிருக்கிறார்களா? இதற்கு மட்டும் எனக்கு முன்னால் தங்கச்சி பதில் சொன்னாள்: 2023 மே மாதம் கோவளத்து அலைச்சறுக்கு வீரர் ராஜசேகர் பச்சை ஏறினார், அதே மாதம் விருதுநகர் மாவட்டத்துப் பெண் முத்தமிழ்ச்செல்வி ஏறினார். கோவளம் என்றதும் பையன்கள் கைதட்டினார்கள். கடற்கரைக்காரர் அல்லவா.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஆயா ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணு உடம்பு கெடச்சுதா?"

கொட்டகை அமைதியானது. பின்வரிசை அம்மாக்கள் என்னையே பார்த்தார்கள். இந்தக் கதையை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உயரம் கேட்பார்கள், குளிர் கேட்பார்கள், எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

"கெடச்சது ஆயா. சில வாரம் கழிச்சுப் போய் எறக்கிக் கொண்டாந்தாங்க. காட்மாண்டுல அரசு மரியாதையோட தகனம் பண்ணாங்க."

"ம்" என்றார். "அப்ப செரி."

மலையில் கிடைக்காமல் போனவர்கள் உண்டா என்று ஒரு அம்மா கேட்டார். 1924-இல் எவரெஸ்ட் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாத மல்லோரியையும் இர்வினையும் சொன்னேன். மல்லோரி கிடைக்க 75 வருஷம் ஆனது. இர்வினின் பூட்ஸும் அதற்குள் பாதமும் 2024 செப்டம்பரில்தான் பனியாற்றில் கிடைத்தன. காலுறையில் அவர் பெயர் தைத்த துண்டுத்துணி அப்படியே இருந்தது. நூறு வருஷம்.

"பேரு தெச்சி அனுப்பிருக்காங்க பாரு" என்றார் ஆயா, பக்கத்திலிருந்தவரிடம். "நம்மாளுங்க பச்ச குத்திக்கினு போற மாரி. கடல்ல மூஞ்சி தெரியாது, பச்ச தெரியும்."

மாடிப்படி இறங்கும்போது அந்த முன்வரிசைப் பெண் கரும்பலகையில் நான் வரைந்திருந்த சிகரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிகரம் வரைந்துகொண்டிருந்தாள். கீழே சோனம் செரிங் என்று எழுதியிருந்தாள். ஷெர்பா என்பதற்கு எந்த 'ர' போடணும் என்று என்னைக் கேட்டாள்.

மே 31, சனி

இன்று தங்கச்சிக்கு டியூட்டி. நான் தனியாக மெட்ரோவில் காலடிப்பேட்டை போனேன். 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் கோலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். கோலட்பேட்டை, வாயில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டை ஆனது. தெருவில் நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்தேன். பெருமாள் காலடி பட்ட இடம் அதனால் அந்தப் பெயர் என்றார் ஒருவர், அவ்வளவு நம்பிக்கையோடு. மறுக்க எனக்கு மனசில்லை. ராயபுரமும் அப்படித்தான். ராயப்பர் என்றால் பேதுரு, ஏசுவின் சீடரான மீனவர். கரையோர மக்கள் கட்டிய அவருடைய கோயில் இருக்கிறது. ஊர்ப்பெயரில் அவர் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் நடக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில். ஒரு கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நுங்கு விற்றுக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து, தன் தண்ணீர் பாட்டிலை என் தலையில் கவிழ்த்து, நாலு நுங்கு உரித்து வாயில் ஊட்டாத குறையாகத் தந்தார். ஐம்பது ரூபாயை நீட்டினேன். "மயங்கி வுழுந்தவங்ககிட்ட வாங்கறதில்லக்கா" என்றார், இது ஊர் வழக்கம் என்பதுபோல. எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்து, டிரைவரிடம், "நூத்தம்பதுக்கு மேல வாங்காத, ஒடம்பு முடியாதவங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மத்தியானம் படுத்தே கிடந்தேன். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் சுவரில் இருந்த படத்தைப் பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"கார்த்திக மாசம் டீச்சரம்மா. இவளுக்கு ரெண்டு வயசு. நாலு பேரு போனாங்க. நடுவுல இன்ஜின் நின்னு, காத்து இஸ்துக்கினு போயிருக்கு. ஒருத்தன் மட்டும் பழவேற்காட்டாண்ட கரையேறினான். அவனுக்கும் ஒண்ணும் சொல்லத் தெரியல."

மருமகள் எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து அலைந்தாராம். ஒரு அலுவலகத்தில், உடல் இல்லாமல் இறப்புச் சான்று எப்படித் தருவது என்று கேட்டிருக்கிறார்கள். அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு அது: ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஒரு தகவலும் இல்லை என்றால்தான் இறந்தவராகக் கொள்ளலாம். 2017-இல் ஒக்கி புயலில் குமரி மாவட்டத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு ஏழு வருஷம் காத்திருக்க வைக்காமல் நிவாரணம் தந்தார்கள். அதற்கு முன் போனவர்களின் வீட்டுப் பெண்கள் ஏழு வருஷத்தையும் ஒவ்வொரு நாளாகத்தான் கழித்திருக்கிறார்கள். சான்று இல்லாமல் விதவை உதவித்தொகை கிடையாது, காப்பீடு கிடையாது. சட்டத்துக்கு அவர் உயிரோடு இருக்கிறார். அரிசிப் பானைக்கு இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

"ரேஷன் கார்டுல அவன் பேரு இருந்துது" என்றார் ஆயா. "அவன் பங்கு சக்கரயும் போட்டாங்க. அந்தச் சக்கரைல டீ போட்டா எனக்கு எறங்கல. தனியா ஒரு டப்பால கொட்டி வெப்பேன். மாசக் கடைசில கேசரி கிண்டி தெருப் புள்ளைங்களுக்குக் குடுத்துருவேன். ஏழு வருசமும். அப்புறம் பேர எடுத்துட்டாங்க. எடுத்த மாசம்தான் நான் அழுதேன்."

விசிறியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

நேற்று சொல்ல விட்டுப்போனது ஒன்று நினைவுக்கு வந்தது. பசாங் லாமுவின் பெயரை நேபாளத்தில் ஒரு நெடுஞ்சாலைக்கு வைத்தார்கள், காட்மாண்டில் சிலை வைத்தார்கள், தபால்தலை போட்டார்கள். கூடவே ஒரு கோதுமை ரகத்துக்கும் அவள் பெயரை வைத்தார்கள். மலைப்பகுதிக்கு ஏற்ற கோதுமை. அதைச் சொன்னேன்.

ஆயாவின் விசிறி நின்றுவிட்டது. "கோதுமைக்கா?"

"ஆமா ஆயா."

"அதான் செரி. மலைய யாரு போயிப் பாக்குறது. கோதுமன்னா புள்ளைங்க வயித்துக்குப் போவும்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "கோதுமைக்கு வெச்சாங்களா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இரவு கேசரி கிண்டினார். தெருவில் நேற்று வந்த பிள்ளைகள் எல்லாம் கிண்ணத்தோடு வந்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் ஏன் என்று தெரியாது.

ஜூன் 1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுச் சந்தை, தடைக்காலத்திலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அரை கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினேன், 200 ரூபாய். ஸ்ராங்கு அண்ணன் அதை நாலு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, செய்தித்தாள் சுற்றி, "ரயில்ல யாராச்சும் கேட்டா மருந்துன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார்.

திரும்பும்போது ஆயா, "அந்த மேகப் படம் ஒண்ணு போட்டுக் குடு டீச்சரம்மா" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான். பாத்துக்கினு இருக்கலாம்" என்றார்.

கல்மண்டபத்தில் ஒரு ஸ்டுடியோ திறந்திருந்தது. லேமினேஷனோடு 220 ரூபாய். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த தம்பி தயங்கினான்.

"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லியே. வேற நல்ல படம் இருந்தா குடுங்க, அதே ரேட்டுதான்."

"இதான்பா வேணும்."

கொஞ்சம் வெளிச்சம் கூட்டட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். ஓரத்தில் வழிகாட்டியின் விரல் நுனி விழுந்திருந்தது. அதை வெட்டிவிடட்டுமா என்றான். அதையும் விடச் சொன்னேன்.

ஆயா படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தார். மகனின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. எதிர்ச் சுவரில், அரிசி டிரம்முக்கு மேலே ஆணி அடிக்கச் சொன்னார். தங்கச்சி ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். கோணலாக இருக்கிறது என்று இரண்டு முறை திருத்த வைத்தார்.

பிறகு சாமி மாடத்திலிருந்து குங்குமக் கிண்ணத்தை எடுத்துவந்தார்.

"இதுக்குப் பொட்டு வெக்கலாம் இல்ல டீச்சரம்மா? அவதான் கெடச்சிட்டாளே."

வைக்கலாம் என்றேன்.

ஸ்டூலில் ஏற முடியாது என்பதால் தங்கச்சி படத்தைக் கழற்றிக் கீழே பிடித்தாள். ஆயா மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு, மேகத்தின்மேல் விரலைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, "இங்கியா?" என்று கேட்டார். வழிகாட்டியின் விரல் நுனியிலிருந்து நேராகக் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் மேல ஆயா" என்றேன்.